தையல்சிட்டும் திமிங்கலச் சுறாவும்



தில்லி சரோஜினி நகர்ச் சந்தையில் மலிவாகத் துணி வாங்க வருவோரின் நெரிசல் ஓய்வதில்லை. அந்த வட்டாரத்துச் செடிகளுக்குள் ஒரு தையல்காரி இருக்கிறாள். பெயர் தையல்சிட்டு. எடை பத்து கிராமைத் தாண்டாது.

பெண் பறவை அலகால் இலையோரத்தில் துளையிடும். சிலந்தி நூலையோ பஞ்சையோ செருகி இழுக்கும். நூல்முனை பிரிந்து விரிவதால் தையல் நழுவாது. இலை பையாகிவிடும், அதற்குள்தான் மெத்தென்ற கூடு. முட்டை பொரியப் பன்னிரண்டு நாள், குஞ்சு பறக்க மேலும் இரண்டு வாரம். கூடு கலைந்தாலும் அதே பருவத்தில் மறுபடி கட்டிவிட முடியும்.

கடலில் வாழும் திமிங்கலச் சுறாவுக்கு அந்த வசதி இல்லை. பன்னிரண்டு மீட்டருக்கு மேலும் வளரும் இந்த மீன், உலகின் மீன்களிலேயே பெரியது. ஆனாலும் நுண்ணிய மிதவை உயிர்களையும் சிறுமீன்களையும் வடிகட்டித்தான் உண்ணுகிறது. இனப்பெருக்கத்துக்குத் தயாராகவே இருபது முப்பது ஆண்டுகள் ஆகின்றன. 1995-ல் தைவானில் பிடிபட்ட ஒரு பெண் சுறாவின் வயிற்றில் சுமார் 300 குட்டிகள் இருந்தன. அப்படி ஒரு தாயைக் கொன்றால் கடல் எதை இழக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

குஜராத் கரையில் படகுகளுக்குப் பூசும் ஈரல் எண்ணெய்க்காகவும், பின்னர் ஏற்றுமதி இறைச்சிக்காகவும் இவற்றைக் கொன்றார்கள். மைக் பாண்டேயின் ஆவணப்படம் அந்தக் கொடுமையை வெளிக்காட்டியது. 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திமிங்கலச் சுறா இடம்பெற்றது.

சட்டத்தால் மட்டும் வலை அவிழவில்லை. சுறாவைக் காக்க 2004-ல் தொடங்கிய இயக்கத்தில் ஆன்மிகச் சொற்பொழிவாளர் மொராரி பாபு, இந்தச் சுறா பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்று மீனவர்களிடம் பேசினார். அவர்களும் தங்கள் வலையை அறுத்து அதை விடுவிக்கத் தொடங்கினார்கள். அறுத்த வலைக்கு வனத்துறை இழப்பீடு தந்தது. இதுவரை பல நூறு சுறாக்கள் கடலுக்குத் திரும்பியிருக்கின்றன.

தையல்சிட்டு வாழும் சரோஜினி நகருக்கும் 2018-ல் ஒரு சோதனை வந்தது. பழைய அரசுக் குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடி கட்டும் திட்டத்துக்காகத் தென்தில்லியில் பல ஆயிரம் மரங்களை வெட்ட அனுமதி கிடைத்தது. மக்கள் மரங்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அந்த ஜூனில் தில்லி உயர்நீதிமன்றம் வெட்டுக்கு இடைக்காலத் தடை விதித்தது.

மரங்களைக் கணக்கெடுக்கும்போது புதர்களையும் எண்ண வேண்டும். தையல்சிட்டு பெரும்பாலும் தாழ்வான, அகன்ற இலைச் செடிகளில்தான் கூடு தைக்கிறது. வெட்டிய மரத்துக்குப் பதிலாக வேறெங்கோ நடும் மரக்கன்று அதற்கு ஈடாகாது. மழைக்காலத்தில் வேலிச்செடியைக் கத்தரிப்பவர்கள், தைத்த இலை ஏதும் தெரிகிறதா என்று முதலில் பார்த்துவிட்டுக் கத்தரியை எடுக்கலாம்.