பெற்றோரும் பாடசாலையும்
(நமது சங்கத்தின் திண்டுக்கல் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"பிள்ளையைப் பாடசாலையில் சேர்த்தாயிற்று, இனி உபாத்தியாயர் பொறுப்பு" என்பது நம்மவரிடையே நெடுநாளைய வழக்கு. இது அசட்டையன்று, ஆசிரியர்பால் கொண்ட மரியாதையே. ஆயினும் அம்மரியாதைக்குள் ஓர் அச்சமும் ஒளிந்திருக்கின்றது.

என் தகப்பனார் எழுத்தறியாதவர். நிலக்கோட்டைப் பக்கத்தில் மல்லிகை பயிரிட்டு, விடியுமுன் பூப் பறித்துத் திண்டுக்கல் சந்தைக்குக் கொண்டுவருவார். நான் கணக்கில் தவறி ஒரே வகுப்பில் நின்றபோது, காரணம் கேட்கப் பாடசாலை வாயில்வரை வந்தார்; உள்ளே நுழையாமல் திரும்பிவிட்டார். "படியாதவன் போய் என்னத்தைக் கேட்பது?" என்றார். மறு வருஷமும் நான் தேறவில்லை.

நிற்க. இன்று சட்டமே அவ்வாயிலைத் திறந்து வைத்திருக்கின்றது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசாங்கப் பாடசாலைகளில் அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். பாடசாலை நடைபெறும் விதத்தையும், அதற்கு வரும் பணம் செலவாகும் விதத்தையும் கவனிப்பது அக்குழுவின் கடமை. பிள்ளையின் வருகையையும் தேர்ச்சியையும் பெற்றோருக்கு எடுத்துரைப்பது ஆசிரியரின் கடமை. இவ்வுரிமைக்கு எழுத்தறிவு ஒரு நிபந்தனையன்று.

கடல் கடந்த திருஷ்டாந்தம் ஒன்று கூறுகிறேன். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து ஆரஞ்சு ஜில்லாவில், ஸ்பானிய மொழி பேசும் மெக்ஸிகக் குடும்பத்துப் பிள்ளைகளைத் தனிப் பாடசாலைகளில் ஒதுக்கி வைத்திருந்தனர். கொன்சாலோ மெண்டஸ் என்னும் குத்தகை விவசாயியும் அவர் மனைவி பெலிசிடாஸும் அதற்கு இணங்கவில்லை. மெண்டஸ், வேறு நான்கு தகப்பன்மாருடன் சேர்ந்து, சுமார் 5,000 பிள்ளைகளின் பொருட்டு 1945-ல் வழக்குத் தொடுத்தார். 1946-ல் தீர்ப்பு அநுகூலமாயிற்று. 1947-ல் மேல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அவர்கள் பெரிய பண்டிதர்களல்லர், பிள்ளையைப் பெற்றவர்கள். தம் பிள்ளைக்கு மாத்திரமின்றி ஊர்ப்பிள்ளைகள் அனைவருக்கும் கேட்டனர். நாமும் அவ்வாறே கேட்கக் கடவோம்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. தாய்மார்களே! குழுக் கூட்டத்திற்குத் தவறாது செல்லுங்கள். "என் பிள்ளை தினமும் வருகிறானா? பிழையின்றி வாசிக்கிறானா? எதில் பின்தங்கியிருக்கிறான்?" என்ற மூன்று கேள்விகள் போதும். தோட்டமும் தறியும் பூட்டுப் பட்டறையும் உடைய அங்கத்தினர்களே! அன்று அரைநாள் கூலியைப் பிடிக்காமல் உங்கள் தொழிலாளரை அனுப்பி வையுங்கள். கூலி போய்விடுமே என்னும் கவலையாலும் எத்தனையோ பெற்றோர் கூட்டத்திற்கு வராது நிற்கின்றனர்.

என் தகப்பனார் திரும்பிப்போன வாயிலிலிருந்து இனி ஒருவரும் திரும்பாதிருப்பாராக!