நகைப் பெட்டி போன வழி

(அரவேணுவில் மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் பேசியது)



பிரதிஷ்டை ஆராதனைகளில் நாம் பாடும் 'டேக் மை லைஃப்' பாட்டை எழுதியவர் பிரான்சிஸ் ரிட்லி ஹாவர்கல் அம்மையார். 1836-ல் இங்கிலாந்தில் ஆஸ்ட்லி என்ற ஊரில் ஒரு போதகரின் மகளாகப் பிறந்தார். எபிரெயமும் கிரேக்கும் கற்றவர். இனிய சாரீரம், சரீரம்தான் அடிக்கடி நோய்ப்பட்டது.

1874 பிப்ரவரியில் ஒரு வீட்டுக்கு ஐந்து நாள் விருந்தாளியாகப் போனார். அங்கிருந்த பத்துப் பேருக்காகவும் ஜெபித்தார். கடைசி இரவு, ஜெபம் கேட்கப்பட்ட சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. விழித்திருந்தபடியே அந்தப் பாட்டை எழுதினார். கை, கால், குரல், உதடு என்று ஒவ்வொன்றாக ஆண்டவருக்குக் கொடுக்கிற பாட்டு அது. வெள்ளியும் பொன்னும் அதில் உண்டு.

ஆனால் அவருடைய நகைகள் அன்றைக்கே பெட்டியை விட்டுப் போகவில்லை. அந்த வருஷக் கடைசியில் டைபாய்டு காய்ச்சல் வந்து, சாவுக்கு அருகே போய்ப் பிழைத்தார். அதற்குப் பிறகும் நகைகள் வீட்டில்தான் இருந்தன. 1878 ஆகஸ்டில்தான், நகைப் பெட்டியையும் ஏறக்குறைய ஐம்பது நகைகளையும் கட்டி சர்ச் மிஷனரி சங்கத்துக்கு அனுப்பினார். நம் திருநெல்வேலிச் சீமையில் பள்ளிகளும் ஆலயங்களும் எழுப்பிய அதே சங்கம்தான்.

எழுதியவருக்கே நாலரை வருஷம்! இதை வாசித்தபோது, உண்மையைச் சொன்னால், எங்களுக்கு ஆறுதலாயிருந்தது. கழுத்திலும் காதிலும் போட்டுக்கொண்டே அந்தப் பாட்டை எத்தனை தரம் பாடியிருக்கிறோம்!

எல்லாவற்றையும் அவர் அனுப்பிவிடவும் இல்லை. பெற்றோர் நினைவான ஓரிரு புரோச்சுகளையும், மரித்துப்போன உடன்பிறந்தார் மகளின் படம் வைத்த லாக்கெட்டையும் வைத்துக்கொண்டார். அம்மாவின் தோட்டைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிற நம் சகோதரிகளுக்கு இது புரியும்.

அடுத்த வருஷம், 1879 ஜூன் 3-ந் தேதி, வேல்ஸ் நாட்டுக் கடற்கரையில் 42-ம் வயதில் காலமானார். இந்தியாவை அவர் பார்த்ததில்லை. ஆனால் அவர் பெயரில் சேர்ந்த நினைவு நிதி, அதே சங்கத்தின் மூலம், இந்தியாவில் வீடு வீடாகப் போய் வசனம் சொன்ன வேதஸ்திரீகளுக்கு உதவியது.

நாள் முழுவதும் தேயிலை பறித்துவிட்டு, உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் தாய்மார் இங்கே இருக்கிறீர்கள். அந்தப் பிடியரிசி டப்பாக்களும் இன்று மேஜைமேல் வந்திருக்கின்றன. எழுந்து நின்று அந்தப் பாட்டைப் பாடுவோம். மோதிரத்தைக் கழற்றச் சொல்லவில்லை; அந்தச் சரணம் வரும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகப் பாடுவோம்.