என் கணிப்பொறிக் குறிப்பேடு
(கழகத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கணிப்பொறியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். நான் அத்துறையில் பட்டம் பெற்றவன் அல்லன். பழுதான பொறிகளைத் திறந்து பார்க்கும் ஆவல் உடையவன். பார்த்ததை அன்றிரவே ஒரு நோட்டில் எழுதி வைக்கும் பழக்கமும் உண்டு. அந்நோட்டிலிருந்து சிலவற்றையே இங்குச் சொல்லப் போகிறேன்.

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. நம் தெரு வீடுகள் பலவற்றில் கணிப்பொறி நுழைந்தது அதன் வழியாகத்தான். அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் நம் மாவட்டத்தைச் சூறையாடியது. 2012இல் மின்வெட்டு வாட்டியது. 1962 முதல் பழுப்பு நிலக்கரியை மின்சாரமாக்கி வரும் நெய்வேலி, சேத்தியாத்தோப்பிலிருந்து சிறிது நேரப் பஸ் பயணம்தான். ஆயினும் நம் பிள்ளைகள் சார்ஜ் ஏற்ற மின்சாரம் எப்போது வரும் என்று விழித்திருந்தார்கள்.

குறிப்பேட்டின் முதல் பக்கம் ஒரு தங்கையின் மடிக்கணினியைப் பற்றியது. விளக்கு எரிகிறது, திரை இருண்டே கிடக்கிறது. கடைக்காரர் ஒருவர் மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லி மூவாயிரம் ரூபாய் கேட்டாராம். அவள் தாய் நாற்று நடச் செல்பவர். நான் பேட்டரியைக் கழற்றி, அடிமூடியைத் திறந்து, ரேம் என்னும் நினைவகப் பட்டையை வெளியே எடுத்தேன். அதன் விளிம்பிலுள்ள உலோகப் பற்களில் அழுக்குப் படிந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளைத் துடைத்து, மீண்டும் பொருத்தினேன். திரை ஒளிர்ந்தது. செலவு இரண்டு ரூபாய், அதுவும் ரப்பருக்கு! எல்லாப் பழுதும் இப்படித் தீராது. ஆயினும் திறந்து பாராமல் மூவாயிரத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்.

2020 ஜனவரியில் விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. பழைய மடிக்கணினிகள் இனிக் குப்பை என்று பலர் எண்ணினர். நான் அவற்றில் லினக்ஸை நிறுவினேன். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய மென்பொருள் அது. விலையில்லை என்பது அதன் சிறிய சிறப்பு. அதன் மூல நிரல்களை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்பதே பெரிய சிறப்பு. ஏட்டைத் தொடக்கூடாது என்று விலக்கி வைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இவ்வுரிமையின் அருமை நமக்கு விளக்காமலே விளங்கும்.

இனி, எனக்கு வெட்கம் தரும் பக்கம். கழக அலுவலகக் கணிப்பொறியில், உதவி பெற்ற மாணவர்களின் பட்டியல் தொடக்க காலம் முதல் இருந்தது. 2019 ஐப்பசியில் அப்பொறியிலிருந்து டிக் டிக் என்ற ஒலி எழுந்தது. மின்விசிறியின் ஒலி என்றனர் சிலர். ஹார்டு டிஸ்க் என்பது ஓயாது சுழலும் தட்டு; நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 சுற்று. அதன்மீது மயிரிழைக்கும் குறைந்த இடைவெளியில் படிக்கும் முனை நகர்கிறது. அம்முனை தடுமாறும்போது எழும் ஒலி அது என்பதை நான் அறிவேன். அறிந்தும், பொங்கல் விடுமுறையில் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டேன்.

பொங்கலுக்குள் பொறி நின்றது. டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் இணைத்து, கோப்புகளை ஒவ்வொன்றாகப் படியெடுத்தேன். நாற்பது நிமிடத்தில் அது முற்றிலும் அடங்கிவிட்டது. கிடைத்த கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பை! அவை பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சிடப்பட்டவை. அக்கால எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்தின் எண்ணிலேயே தமிழ் வடிவத்தை ஒளித்து வைத்தன. அந்த எழுத்துரு இல்லாத பொறியில் தமிழ் தெரியாது. யூனிகோடு முறையில் நம் எழுத்துக்குத் தனி எண் உண்டு. 'க' என்றால் 2965. எந்த நாட்டுப் பொறியிலும் அது 'க'தான். எழுத்துருவைத் தேடிப்பிடித்து, மாற்றுக் கருவியால் யூனிகோடாக்கி, ஐயமான பெயர்களை முதிய உறுப்பினர்களிடம் கேட்டுத் திருத்த ஏழு வாரங்கள் ஆயின.

இப்போது அப்பட்டியல் மூன்று இடங்களில் இருக்கிறது: அலுவலகத்தில் ஒன்று, என் வீட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. ஆயினும் 2006, 2007 ஆகிய இரண்டு ஆண்டுகளின் கோப்புகள் மீளவில்லை. இம்மலரின் பயனாளர் பட்டியலில் அவ்விரு ஆண்டுகளும் வெற்றிடமாக இருப்பதன் காரணம் என் சோம்பலே. அக்காலத்தில் நோட்டுப் புத்தகமோ தேர்வுக் கட்டணமோ பெற்றவர்கள் இக்கூட்டத்தில் இருப்பீர்கள். கூட்டம் முடிந்ததும் மேடையின் இடப்புறம் மடிக்கணினியுடன் அமர்ந்திருப்பேன். பெயர், ஊர், அன்று படித்த வகுப்பு மூன்றையும் சொல்லுங்கள்; உங்கள் கண்முன்னரே தட்டச்சிட்டுக் காட்டுகிறேன்.