பிரமியும் வல்லாரையும்

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மவர் இல்லங்களில், பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கும் மாசி மாதத்திலும், ஊரிலிருந்து முதியோர் வந்து தங்கும் காலத்திலும், ஒரு மருந்துப் புட்டி எப்படியோ இடம் பெற்றுவிடுகிறது. அதன் மேல் நாகரி எழுத்தில் ‘பிராஹ்மி’ என்று அச்சிட்டிருக்கும். ஞாபக சக்திக்கு ஏதேனும் வேண்டும் என்று வடநாட்டுக் கடைக்காரரிடம் கேட்டால், அவர் யோசியாமல் எடுத்துக் கொடுப்பது அதுவே. வாங்கும் தமிழரோ, ‘நம் ஊர் வல்லாரைதானே!’ என்று மன நிறைவு கொள்கிறார். அந்தத் ‘தானே’யைப் பற்றியே இன்று சிறிது பேச விரும்புகிறோம்.

பிறரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்ல வரவில்லை. இந்தப் பிழையை அச்சில் ஏற்றியவர்களே நாங்கள்தாம். சில ஆண்டுகளுக்கு முன், மூலிகைகளைப் பற்றிய ஒரு சிறு பிரசுரத்தை இந்தியிலிருந்து தமிழாக்கும் பணி எங்களிடம் வந்தது. மூலத்தில் ‘பிராஹ்மி’ என்றிருந்த இடமெல்லாம் ‘வல்லாரை’ என்று எழுதினோம். அகராதி ஒன்றும் அதற்குத் துணை நின்றது. பிரசுரம் வெளியாகிச் சில வாரங்களில், பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து தமிழறிந்த வைத்தியர் ஒருவர் கடிதம் எழுதினார். கோபமில்லாத கடிதம். உறைக்குள் உலர்ந்த இரு செடிகளை வைத்து, “இவ்விரண்டில் எதைத் தாங்கள் குறிப்பிடுகிறீர்கள்?” என்று மட்டும் கேட்டிருந்தார்.

ஒன்று நாம் எல்லோரும் அறிந்த வல்லாரை. வட்டமாய், அடியில் பிளவுபட்டு, நீண்ட காம்பின் மேல் நிற்கும் ஒற்றை இலை. தரையோடு ஓடி, கணுவுக்குக் கணு வேர்விடும் கொடி. மற்றொன்று நீர்ப்பிரமி. வயல் வரப்பிலும் குளக்கரைச் சேற்றிலும் படரும் சிறு பூண்டு. இலை சிறியது, தடித்தது, எதிரெதிராக அமைந்தது, பூ வெண்மை அல்லது மங்கிய ஊதா, வாயிலிட்டால் கசப்பு. தாவர நூலார் முன்னதைச் சென்டெல்லா ஏசியாடிகா என்றும், பின்னதைப் பக்கோபா மொன்னியேரி என்றும் அழைப்பர். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைகூட அல்ல. ஈரமண்ணில் வளர்வதும், அறிவை வளர்க்கும் என்ற புகழுமே இவற்றின் உறவு.

குழப்பம் எங்கே எழுந்தது என்று தேடினால், தேச சஞ்சாரமே செய்ய வேண்டியிருக்கிறது. ஹரித்துவாரத்திலும் ரிஷிகேசத்திலும் ‘பிராஹ்மி பூட்டி’ என்று விற்பது பெரும்பாலும் நம் வல்லாரையே. மராட்டியத்திலும் பலர் வல்லாரையையே அப்பெயரால் வழங்குகின்றனர். கன்னட நாட்டில் அதற்கு ‘ஒந்தெலகா’ என்று அழகான பெயர் உண்டு. ஒற்றை இலை என்பது பொருள். அதைத் தயிரோடு அரைத்துத் தம்புளி செய்து உண்பர். ஆயினும் பிராஹ்மி என்ற பெயரும் அங்கே உடன் வழங்குகிறது. ஆந்திரத்தில் அது சரஸ்வதி இலை. கேரளத்தில் பிரஹ்மி என்றால் நீர்ப்பிரமியே. வல்லாரைக்குக் குடங்ஙல் என்ற வேறு பெயர் இருக்கிறது. வங்காளிகள்தாம் இதில் தெளிவானவர்கள். நீர்ப்பிரமி அவர்களுக்குப் பிராஹ்மிக் கீரை, வல்லாரை தான்குனி. இரண்டையும் தனித்தனியே சமைத்துச் சோற்றோடு உண்பதால், அவர்களிடம் மயக்கத்திற்கு இடமில்லை. கல்கத்தாவில் வாழும் நேயர்கள் காலைச் சந்தையிலேயே இதைக் கண்டு தெளியலாம்.

சரக சம்ஹிதையில் அறிவுக்கு உரம் தரும் மேத்ய ரசாயனங்கள் நான்கு கூறப்படுகின்றன: மண்டூகபர்ணியின் சாறு, பாலோடு அதிமதுரப் பொடி, சீந்திலின் சாறு, சங்கபுஷ்பியின் விழுது. மண்டூகபர்ணி என்று இன்று கொள்ளப்படுவது வல்லாரை. பிராஹ்மியோ அந்த நால்வர் வரிசையில் இல்லை. பழைய நெய்யில் வசம்பு முதலியவற்றோடு காய்ச்சிய பிராஹ்மி கிருதமாக, சித்தப்பிரமைக்கும் காக்கை வலிப்புக்கும் உரிய மருந்தாகவே அது பேசப்படுகிறது. இந்திய ஆயுர்வேத மருந்துத் தர நூல் இன்று பிராஹ்மி என்ற பெயரை நீர்ப்பிரமிக்கும், மண்டூகபர்ணி என்பதை வல்லாரைக்கும் உரியதாக வரையறுத்துள்ளது. கடைத்தெரு அந்நூலைப் படித்துவிட்டா வியாபாரம் செய்கிறது?

இது வெறும் பெயர்ச் சண்டை என்று எண்ணிவிடலாகாது. ஒரு செடியில் கண்ட பயனை மற்றொன்றின் மேல் ஏற்றிச் சொல்வது இதனால் எளிதாகிவிடுகிறது. லக்னோவில் 1951-இல் தொடங்கி, பல்லாண்டுகள் சத்தர் மன்ஸில் என்னும் பழைய நவாப் மாளிகையில் இயங்கிய மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தார் 1960-களில் ஆராய்ந்து, பாக்கோசைடு என்ற பொருள்களைப் பிரித்தெடுத்தது நீர்ப்பிரமியிலிருந்து. ஆஸ்திரேலியாவில் 40 முதல் 65 வயது வரையுள்ள 76 பேரிடம் மூன்று மாதம் நடத்தி 2002-இல் வெளியிட்ட சோதனையும் நீர்ப்பிரமிச் சத்தைக் கொண்டதே. அதன் முடிவு கவனிக்கத்தக்கது. புதிதாகக் கற்கும் வேகம் கூடவில்லை; கற்றதை மறப்பது சற்றுக் குறைந்தது. அமெரிக்காவில் 65 வயது கடந்தோரிடம் நடத்தி 2008-இல் வெளிவந்த 12 வாரச் சோதனையில், சொற்களை நினைவுகூர்வதில் சிறிது முன்னேற்றம் தென்பட்டது. ஆனால் ஒரே ஒரு வேளை கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்தபோது, எந்த மாறுதலும் காணப்படவில்லை. பரீட்சைக்கு முதல் நாள் இரவு பையனின் வாயில் ஊற்றுகிற கரண்டி மருந்து, ஊற்றுகிற அன்னையின் கவலையைத்தான் தணிக்கும்.

வல்லாரையைக் குறித்த சோதனைகளையெல்லாம் தொகுத்து 2017-இல் வெளியான ஆய்வு, நினைவாற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதனையும் காணவில்லை. மனம் சற்று விழிப்புற்றதாகவும் சினம் தணிந்ததாகவும் மட்டும் கூறுகிறது. சினம் தணிவது சிறிய நன்மையா என்ன? ஆயினும் வல்லாரை உண்போர் நீர்ப்பிரமியின் சான்றிதழைக் காட்டுதல் முறையன்று.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு நாங்கள் செய்த இரண்டாம் பிழையையும் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் தாயார் காலமான பின், தந்தையார் எங்களோடு தில்லிக்கு வந்து சேர்ந்தார். ஒன்றைப் போலவே மற்றொன்று இருக்கும் அரசாங்கக் குடியிருப்புகளில், மாலை உலாவச் சென்றவர் இருமுறை அடுத்த வரிசை வீட்டுக் கதவைத் தட்டினார். புதியவர் யார்தான் தட்டமாட்டார் என்று சிரித்தோம். பேரனைத் தம் தம்பியின் பெயரிட்டு அழைத்தார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தார். இம்முறை பெயரைச் சரிபார்த்து, அசல் நீர்ப்பிரமியே வாங்கினோம். பன்னிரண்டு வாரம் கொடுத்தால்தான் பலன் தெரியும் என்று படித்திருந்தோமல்லவா? நாள் எண்ணிக் கொடுத்தோம். “பாதம் மரத்துப் போகிறதப்பா” என்று அவர் சொன்னபோது, தில்லிக் குளிர் என்று எண்ணிக் கம்பளிக் காலுறை வாங்கித் தந்தோம்.

வாரங்கள் முடிந்தும் நிலைமை மோசமானபோதே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் ஞாபகத்தைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டுவிட்டு, பாதத்தைப் பற்றிப் பல கேள்விகள் கேட்டார். இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகவும் குறைந்திருந்தது. தாயார் போன பிறகு அவர் பாலையும் தயிரையும் ஒதுக்கி, ரசஞ்சோற்றிலேயே காலம் தள்ளியிருக்கிறார். முதுமையில் உடல் அச்சத்தை ஏற்பதும் குறையும். ஊசி போடத் தொடங்கிய சில மாதங்களில் மறதி பெருமளவு விலகியது. பேரன் பேரன் ஆனான். ஆனால் பாதத்தின் மரப்பு முழுதும் நீங்கவில்லை. முன்பே வந்திருந்தால் நீங்கியிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது, எங்களால் அவர் முகத்தைப் பார்க்க இயலவில்லை.

மறதிக்குக் காரணங்கள் பல. பி12 குறைவு, தைராய்டு சுரப்பியின் மந்தம், உறக்கமின்மை, மனச்சோர்வு, வேறு நோய்களுக்கு உண்ணும் சில மாத்திரைகள் ஆகிய இவை, கண்டுகொண்டால் சீர்படுத்தக்கூடியவை. ஆகவே வீட்டில் முதியவர் ஒருவர் புதிதாக மறக்கத் தொடங்கினால், முதலில் மருத்துவரிடமும் இரத்தப் பரிசோதனைக்கும் அழைத்துச் செல்லுங்கள். பிறகு பிரமி கொடுப்பதானால், உண்ணும் மற்ற மருந்துகளையெல்லாம் அவரிடம் கூறிவிட்டுக் கொடுங்கள். எலிகளிடம் நடந்த ஓர் ஆய்வில் நீர்ப்பிரமி தைராய்டுச் சுரப்பைக் கூட்டியதாகக் கண்டிருப்பதால், தைராய்டு மாத்திரை உண்போருக்கு இது மிகவும் அவசியம். குமட்டலும், வயிற்றுப் பிடிப்பும், அடிக்கடி மலம் கழிதலும் சிலருக்கு ஏற்படுவதுண்டு. வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டா. புட்டியின் மேல் தாவரப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சாக்கடை ஓரத்தில் பறித்த செடியை வாங்காதீர்கள். நீர்ப்பிரமி தான் நிற்கும் மண்ணின் கன உலோகங்களை எளிதில் ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது.

கீரையாக உண்பதைப் பற்றி எங்களுக்கு ஆட்சேபமில்லை. எங்கள் பால்கனியில் ஒரு தொட்டி வல்லாரை இருக்கிறது. மார்கழிக் குளிரில் கருகி, மழைக்காலத்தில் மீண்டும் தழைக்கும். தந்தையார் துவையல் கேட்பார். அதில் புளி சேர்க்கலாகாது என்பது எங்கள் பாட்டியாரின் கட்டளை. அதை அவர் ஒருபோதும் மறந்ததில்லை. பிரசுரத்தின் மறுபதிப்பில் ‘வல்லாரை’யை அடித்து, ‘நீர்ப்பிரமி’ என்று திருத்திக் கொடுத்தோம். பாலக்காட்டு வைத்தியருக்கும் ஒரு பிரதி அனுப்பினோம்.