உறைந்து நிற்கும் கணினி
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் மேடைக்கு ஏற்றதன்று என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு கணினிக்குள்ளே மற்றொரு கணினியை ஓட்டும்போது முழுக் கணினியும் திடீரென்று உறைந்து நின்றுவிடுகின்றதே, அதன் காரணம் யாது, அதனைக் கண்டுபிடிக்கும் வழி யாது என்பதே அப்பொருள். கணினியைக் கொண்டு படிக்கும் மாணவர் பலர் இக்கூட்டத்தில் இருக்கின்றனர். அவர்களுட் பெரும்பாலோருக்கு உள்ளது ஒரே ஒரு மடிக்கணினி. பல்கலைக்கழகச் செயற்றிட்டமும் அதனுள்ளேதான். வருடம் முழுவதும் எழுதிய குறிப்புகளும் அதனுள்ளேதான். அது உறைந்து நிற்கும்போது, தாய்ப்பலகையை மாற்று என்கின்றார் ஒருவர். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவு என்கின்றார் மற்றொருவர். மெய்நிகராக்க வசதியையே அணைத்துவிடு என்கின்றார் மூன்றாமவர். முதலாவது யோசனையாற் பணம் போகும். இரண்டாவதாற் கோப்புகள் போகும். மூன்றாவதால் வேலையே நின்றுபோகும். மூவரும் மருந்து சொன்னார்களேயன்றி நோய் இன்னதென்று சொல்லவில்லை. நோயைக் காணும் முறையைப் பற்றியே நான் பேசப் புகுகின்றேன்.

முதலிற் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். மெய்நிகர் இயந்திரம் என்பது மென்பொருளால் அமைந்த கணினி. விண்டோஸ் ஓடும் மடிக்கணினியில் ஒரு சாளரத்தினுள்ளே லினக்ஸ் முறைமை தனியாக ஓடுமாயின், தான் ஒரு முழுக் கணினியை ஆள்வதாகவே அந்த லினக்ஸ் கருதும். வெளியே உள்ளதைத் தாய்க்கணினி என்றும், உள்ளே ஓடுவதை உட்கணினி என்றும் இவ்வுரையில் அழைப்பேன். இரண்டுக்கும் நடுவே நின்று, நினைவகத்தையும் முறைவழியாக்கியின் நேரத்தையும் பங்கிட்டுக் கொடுத்துக் காவல் செய்யும் மென்பொருளை ஹைப்பர்வைசர் என்பர். நமது தோட்டங்களில் வழங்கிய சொல்லைக் கடன்வாங்கி அதனைக் கண்காணி என்று வைத்துக்கொள்வோம்.

இக்கருத்துப் புதியதன்று. 1960களில் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், ஐ.பி.எம். நிறுவனத்தின் விஞ்ஞான நிலையத்தில் இது உருவாகியது. 1972இல் வி.எம்./370 என்னும் பெயரோடு அந்நிறுவனத்தின் பெருங்கணினிகளுக்கு வந்தது. 1974இல் பொப்பெக், கோல்ட்பேர்க் என்னும் இரு அறிஞர் கண்காணிக்குரிய இலக்கணத்தை வகுத்தனர். உட்கணினியில் ஓடும் நிரல் உண்மைக் கணினியில் ஓடுவது போலவே நடக்கவேண்டும். பெரும்பாலான கட்டளைகள் கண்காணியின் தலையீடு இன்றி நேரே ஓடவேண்டும். கணினியின் வளங்கள் யாவும் கண்காணியின் பூரண ஆட்சியில் இருக்கவேண்டும். இம்மூன்றனுள் இறுதியாகச் சொன்னதே இன்று நமக்கு மிக வேண்டியது.

நம் மேசைகளில் உள்ள எக்ஸ்86 வகை முறைவழியாக்கிகள் நெடுங்காலமாக இவ்விலக்கணத்துக்கு அமையவில்லை. பென்டியம் முறைவழியாக்கியின் 17 கட்டளைகள் கண்காணியின் பிடிக்குள் அகப்படாமல் நழுவுவன என்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. 1999இல் வந்த வி.எம்.வெயார் மென்பொருள், அத்தகைய கட்டளைகளை ஓடும்போதே வேறு கட்டளைகளாக மாற்றிச் சமாளித்தது. பின்னர் 2005இல் இன்டெல் நிறுவனம் வி.ரி.-எக்ஸ் என்ற வசதியையும், 2006இல் ஏ.எம்.டி. நிறுவனம் ஏ.எம்.டி.-வி என்ற வசதியையும் முறைவழியாக்கியினுள்ளேயே அமைத்தன. இதுவே வன்பொருள் மெய்நிகராக்கம். உட்கணினி தன் எல்லையைக் கடந்த கட்டளை ஒன்றை இடுமாயின், முறைவழியாக்கி அக்கணமே அதனை நிறுத்தி, ஆட்சியைக் கண்காணியின் கையில் ஒப்படைத்துவிடும்.

இதிலிருந்து நாம் அறியவேண்டியது ஒன்று உண்டு. உட்கணினி எவ்வளவு குழம்பினாலும், உறையவேண்டியது அந்த உட்கணினி மாத்திரமே. தாய்க்கணினியும் சேர்ந்து உறையுமாயின், குறை பெரும்பாலும் தாய்க்கணினியின் பக்கத்திலேயே இருக்கின்றது. அது நினைவகப் பற்றாக்குறையாயிருக்கலாம், கண்காணிகளின் போட்டியாயிருக்கலாம், வன்பொருளின் பழுதாயிருக்கலாம். "உட்கணினியை ஆரம்பித்தேன், உடனே உறைந்தது, ஆகவே மெய்நிகராக்கமே குற்றவாளி" என்று முடிவு கட்டுவது, காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையாகும். பழம் முன்னரே பழுத்திருந்தது. காகம் ஒரு சாட்டு மாத்திரமே.

காகமே பழத்தைத் தள்ளிய சந்தர்ப்பங்களும் உண்டு; அவற்றை மறைத்தல் நேர்மையாகாது. உட்கணினி ஒன்று முறைவழியாக்கியை முடிவில்லாத விதிவிலக்குச் சுழலில் அகப்படுத்தித் தாய்க்கணினியை நிறுத்திவிடலாம் என்று 2015 நவம்பரில் வெளிப்பட்டது. இன்டெல் முறைவழியாக்கிகள் பலவற்றில், நினைவகப் பக்கத்தின் அளவை உட்கணினி மாற்றும் ஒரு விதத்தால் முழு இயந்திரமும் நின்றுபோகலாம் என்று 2019 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. ஏ.எம்.டி.யின் ஸென் 4 வகை முறைவழியாக்கிகள் சிலவற்றில், மெய்நிகராக்க வசதிகளுள் ஒன்று தாய்க்கணினியைத் திடீரென மறுபடி தொடங்கச் செய்கின்றது என்ற முறைப்பாட்டின் பேரில், 2024 நவம்பரில் லினக்ஸ் அவ்வசதியை அணைத்துவிட்டது. மூன்றுக்கும் பரிகாரம் இலவசமாகக் கிடைத்த புதிய பதிப்புகளே. ஆகவே முறைமையையும், கண்காணி மென்பொருளையும், தாய்ப்பலகையின் பயோசையும் புதுப்பித்தல் எவருக்கும் முதற் கடமை.

இனி, ஆராயும் முறைக்கு வருவோம். சுவர் இருந்தாற்றான் சித்திரம் வரையலாம். ஆகவே எதனையும் தொடுமுன்னர் கோப்புகளை வேறோர் இடத்திற் பிரதி செய்துகொள்க. உட்கணினியின் வட்டு என்பது தாய்க்கணினியில் உள்ள பெரிய கோப்பு ஒன்றே. அதில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்பொத்தானை அமுக்கி அணைத்தால், உள்ளேயிருக்கும் அத்தனையும் பழுதாகலாம்.

அடுத்து, உறைந்தது யாது என்று கேட்க வேண்டும். உட்கணினியின் சாளரம் மாத்திரம் அசையாதிருந்து, சுட்டி வெளியே நகருமாயின், தாய்க்கணினி நலமாயிருக்கின்றது. அப்போது தாய்க்கணினியின் வட்டில் இடம் இருக்கின்றதா என்று பாருங்கள். உட்கணினியின் வட்டுக்கோப்பு வளர்ந்து வளர்ந்து இடத்தை நிரப்பிவிட்டால், வேர்ச்சுவல்பொக்ஸ் உட்கணினியை நிறுத்திவைக்கும். சுட்டியும் நகராவிடின் விசைப்பலகையில் கப்ஸ் லொக் விசையை அமுக்குக. விளக்கு மாறுமாயின் முறைமைக்கு இன்னும் உயிர் உண்டு. வீட்டிலுள்ள வேறொரு கணினியிலிருந்து பிங் அனுப்பினாலும் இது தெரியவரும். திரை மாத்திரம் நின்று, வலையமைப்புப் பதில் சொல்லுமாயின், வரைவியல் இயக்கியைச் சந்தேகிக்க வேண்டும். உட்கணினியின் அமைப்பில் முப்பரிமாண வேகமூட்டலை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள்.

மூன்றாவதாக நினைவகம். விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும். 8 கிகாபைற் உள்ள மடிக்கணினியில் உட்கணினிக்கு 6 கிகாபைற் கொடுத்தால், எஞ்சிய இரண்டைக் கொண்டு தாய்க்கணினி சீவிக்க மாட்டாது. அது தன் நினைவகப் பக்கங்களை வட்டுக்கும், வட்டிலிருந்து மீண்டும் நினைவகத்துக்கும் சுமந்து சுமந்து களைத்துப்போகும். பார்ப்பவருக்கு அது உறைந்தது போலத் தோன்றும். உண்மையில் அது மூச்சு வாங்குகின்றது. பத்து நிமிடம் பொறுத்திருந்தால் சில வேளை மீண்டு வருவதே இதற்கு அடையாளம். உட்கணினிக்கு 2 அல்லது 3 கிகாபைற் கொடுத்துப் பாருங்கள். முறைவழியாக்கியின் கருக்களையும் முழுவதும் கொடுத்துவிடாது, பாதியளவிற் கொடுத்தல் நன்று.

நான்காவதாக, ஒரே உறையில் இரு வாள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முறைவழியாக்கியின் மெய்நிகராக்க வசதியை ஒரு நேரத்தில் ஒரு கண்காணியே நேராக ஆளமுடியும். விண்டோசில் ஹைப்பர்-வி, லினக்சுக்கான உபமுறைமையின் இரண்டாம் பதிப்பு, நினைவக ஒருமைப்பாடு என்னும் பாதுகாப்பு வசதி ஆகியவற்றுள் ஒன்று இயங்கினாலும், மைக்ரோசொஃப்டின் கண்காணி முன்னரே ஆசனத்தில் அமர்ந்துவிடும். பின்னர் வரும் வேர்ச்சுவல்பொக்ஸ் அதனிடம் கேட்டுக் கேட்டே வேலை செய்யவேண்டும். அப்பொழுது உட்கணினிச் சாளரத்தின் அடியில் ஒரு பச்சை ஆமை தோன்றும். வேகம் குறையும்; சில கணினிகளில் நிலையாகவும் இராது. லினக்சிலும், 2024 நவம்பரில் வந்த 6.12ஆம் பதிப்பு முதல், கே.வி.எம். என்னும் கண்காணி ஏற்றப்பட்டவுடனேயே வசதியைத் தன் கையில் எடுத்துக்கொள்வதால், வேர்ச்சுவல்பொக்ஸ் தொடங்க மறுத்த செய்தியைப் பலர் கண்டனர். பரிகாரம் இலகுவானது. இருவருள் ஒருவரைத் தெரிந்துகொள்ளுங்கள். பாதுகாப்பு வசதியை அணைக்க மனம் இல்லாவிடின், ஹைப்பர்-வியிலேயே உட்கணினியை ஓட்டுவது உத்தமம்.

ஐந்தாவதாக வன்பொருள். உட்கணினி ஓடும்போது நினைவகத்தின் பெரும்பகுதி நிரம்புகின்றது. முறைவழியாக்கியும் நன்கு சூடாகின்றது. அதுவரை தொடப்படாதிருந்த நினைவகப் பகுதியொன்றில் பழுது இருக்குமாயின் அது அப்போதே வெளிப்படும். மெம்ரெஸ்ற்86+ என்னும் இலவச நிரலை ஓரிரவு முழுவதும் ஓடவிட்டு நினைவகத்தைச் சோதிக்கலாம். ஒரு பிழை காட்டினாலும் நினைவகத்தையே சந்தேகிக்க வேண்டும். நம் நாட்டின் வெப்பத்திலும் தூசியிலும் மின்விசிறி அடைத்துக்கொள்வது சாதாரணம். அதனைத் திறந்து துப்புரவு செய்க. பின்னர் மெய்நிகர் இயந்திரம் எதுவும் இன்றி, முறைவழியாக்கிக்கு முழு வேலை கொடுக்கும் வேறொரு நிரலை ஒரு மணி நேரம் ஓட்டுக. அப்போதும் உறையுமாயின் மெய்நிகராக்கம் குற்றமற்றது என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம்.

குறிப்பேடுகளையும் வாசிக்கப் பழக வேண்டும். விண்டோசின் நிகழ்வுப் பதிவேட்டில் கேர்ணல்-பவர் 41 என்ற வரியைக் கண்டவுடன், மின்வழங்கி பழுது என்று பலர் ஓடுகின்றனர். முறைமை ஒழுங்காக மூடப்படாது நின்றுபோயிற்று என்பதையே அவ்வரி சொல்கின்றது. அது மரண அறிவித்தல். மரண விசாரணை அறிக்கையன்று. அதற்கு முன்னுள்ள வரிகளிலும், உட்கணினியின் சொந்தப் பதிவுக் கோப்பின் இறுதிப் பகுதியிலுமே காரணத்தைத் தேட வேண்டும்.

இவ்வளவையும் செய்யும்போது ஒரு நியமத்தைக் கைவிடலாகாது. ஒரு தடவையில் ஒன்றையே மாற்றுக; மாற்றியதை ஒரு கொப்பியில் எழுதுக; மீண்டும் ஓட்டிப் பார்க்க. நான்கை ஒருமிக்க மாற்றியவனுக்குக் கணினி திருந்தினாலும், எதனாற் திருந்தியது என்று தெரியாது. அடுத்த மாதம் அது மறுபடி உறையும்போது அவன் தொடங்கிய இடத்திலேயே நிற்பான்.

மெய்நிகராக்கத்தை அணைத்துவிடு என்ற மூன்றாமவரின் யோசனைக்கும் விடை கூற வேண்டும். 2019 டிசம்பரில் வந்த 6.1ஆம் பதிப்பு முதல் வேர்ச்சுவல்பொக்ஸ் வன்பொருள் வசதியின்றி இயங்காது. ஆகவே அணைத்தால் உறையாது என்பது மெய்யே. ஓடாத இயந்திரம் எவ்வாறு உறையும்? நினைவகத்தில் உள்ள பழுதோ, தூசி அடைத்த விசிறியோ அதனால் நீங்கிவிடப் போவதில்லை. அவை இன்னொரு நாள், பரீட்சைக்கு முதல் நாள் இரவாகவும் அது இருக்கலாம், வேறொரு நிரலின் பெயரால் வந்து நிற்கும்.

சகோதரர்களே, சகோதரிகளே, புதிய தாய்ப்பலகை வாங்குவது நம்மிற் பலருடைய வீட்டில் ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவோடு சேர்த்து யோசிக்கவேண்டிய காரியம். கடைக்குக் கொண்டுபோகுமுன் ஒரு கொப்பியும் ஒரு மாலைப்பொழுதும் செலவிடுங்கள். அதன் பின்னரும் கடைக்குப் போகவேண்டி வந்தால், "கணினி உறைகின்றது" என்று மாத்திரம் சொல்லாது, "நினைவகச் சோதனை இந்த இடத்திற் பிழை காட்டுகின்றது" என்று சொல்லக் கூடியவராய்ப் போவீர்கள். அவ்வாறு பேசுபவரிடம் தேவையற்ற சாமானை விற்பது எவருக்கும் இலகுவன்று.