தரிசு நிலத்துக்கு ஒரு சாட்சி

பிழைப்புக்காக அல்லாமல் ஆசைக்காகப் படம் எடுப்பவர்கள் நம் சங்கரன்கோவில் பகுதியில் பெருகியிருக்கிறார்கள். சாரல் தொடங்கினால் குற்றாலம், விடுமுறை வந்தால் முண்டந்துறை, தை பிறந்தால் கூந்தன்குளம், ஆடியில் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டம் என்று கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் படங்கள் அழகானவை, எடுத்தவர்களை வாழ்த்துகிறேன். ஆனால் புறப்படும் வழியில், வண்டியின் இரண்டு பக்கமும் விரிந்து கிடக்கும் கரிசலை நோக்கி ஏன் ஒரு கேமராவும் திரும்புவதில்லை? அரசின் கணக்கில் இந்த நிலத்தில் பல இடங்கள் தரிசு. 2000 முதல் வெளிவரும் இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்பில் முட்புதர் நிலங்களும் தரிசு வகையில்தான் சேர்கின்றன. ஏட்டில் ஒன்றுமில்லை என்று எழுதப்பட்ட நிலத்தில் என்னென்ன இருக்கிறது என்று மாதந்தோறும் தேதியோடு காட்டுகிற வேலையை ஆசைக்குப் படம் எடுப்பவர்தான் செய்ய முடியும். இதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

முதலில் இங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நாம் மலை மறைவுப் பகுதியில் வாழ்கிறோம். ஆனி, ஆடியில் மேற்கு மலை நனைந்து கறுத்து நிற்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாக நமக்குக் காற்றுதான் வரும். வெடித்துக் கிடக்கும் மண், வளைந்து ஆடும் பனை, புழுதி பறக்கும் வானம்: இது நம் பருவம், வேறு எந்த ஊர்ப் படத்திலும் கிடைக்காது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் அதே மண் நிறம் மாறுகிறது. முதல் மழையில் செந்நிறப் பட்டுப்பூச்சி மண்ணுக்கு மேலே வருகிறது. வேலிகளில் செங்காந்தள் பூக்கிறது. கார்த்திகைப் பூ என்று நாம் அழைக்கும் அதுவே நம் மாநிலப் பூ. குளங்களில் நீர் ஏறியதும் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வந்து இறங்குகின்றன. மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து பூனைப்பருந்துகள் வந்து, பகலில் கரிசல் காட்டுக்கு மேலே தாழப் பறந்து வெட்டுக்கிளிகளைப் பிடித்துத் தின்கின்றன. இரவில் மரத்தில் அடையாமல் புல் நிலத்தில் தரையிலேயே கூட்டமாகத் தங்குகின்றன. சோளம் முற்றும் காலத்தில் சூறைக்குருவி என்னும் ரோசா மைனாக்கள் புகைபோல் எழுந்து திரும்புகின்றன. பங்குனி வெயில் ஏறியதும் பூனைப்பருந்தும் சூறைக்குருவியும் வடக்கே போய்விடும். மயிலும் கௌதாரியும் பனங்காடையும் நம்மோடு இருக்கும். புற்றுமண்ணைப் பிரசாதமாக வாங்கி நெற்றியில் பூசும் ஊர் இது. அந்தப் புற்றே பாம்புக்கும் உடும்புக்கும் உறைவிடம் என்பதை அறிந்த மக்களுக்கு, இந்த நிலம் வெறுமை என்று யாரும் பாடம் நடத்த முடியாது.

ஆனால் நாம் அறிந்தால் மட்டும் போதாது, காட்ட வேண்டும். ஒரு சாதாரண மனிதரின் பதிவு எவ்வளவு தூரம் பேசும் என்பதற்கு உலகம் ஒரு சான்று வைத்திருக்கிறது. ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மரங்கள் எந்த நாளில் முழுதாகப் பூத்தன என்ற குறிப்புகள் ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கின்றன. அவற்றை எழுதியவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். பூ பார்க்கப் போன அரண்மனைக்காரர்களும் துறவிகளும் தங்கள் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்கள். அந்தக் குறிப்புகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, 2021-இல் மார்ச் 26 அன்று பூத்தது அதுவரையிலான 1,200 ஆண்டுகளில் மிக முந்திய பூப்பு என்று தெரிந்தது. பூமி சூடாகிறது என்பதற்கு அந்தப் பழைய நாட்குறிப்புகள் இன்று சாட்சி சொல்கின்றன. நம் நாட்டிலும் 2010 முதல் சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் சரக்கொன்றையும் புளியும் வேம்பும் எப்போது தளிர்க்கின்றன, எப்போது பூக்கின்றன என்று குறித்து வருகிறார்கள். 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 30,000-க்கு மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் தந்த 3 கோடி பதிவுகளின் மேல் எழுதப்பட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்துவருகின்றன என்று அது சொல்கிறது. புல்வெளி, புதர்க்காடு போன்ற திறந்தவெளிகளை நம்பியிருக்கும் பறவைகளின் சரிவு அதில் தனியாகக் கவலையோடு பேசப்படுகிறது. அந்தத் திறந்தவெளி வேறெங்கோ இல்லை. நம் கரிசல்தான் அது.

பதிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். 1990-களில் தொடங்கி இந்தியா முழுவதும் பாறு கழுகுகள் மடிந்தன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டைத் தின்ற பறவையின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006-இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்தத் தடை வந்தபோது பெரும்பாலான ஊர்களில் பறவையே இல்லை. பக்கத்திலிருக்கும் கழுகுமலையின் வானத்தில் பாறு எந்த ஆண்டு வரை வட்டமிட்டது? தேதி எழுதிய ஒரே ஒரு படத்தை இந்த அவையில் எத்தனை பேரால் எடுத்துக்காட்ட முடியும்? கல்யாண ஆல்பம் இல்லாத வீடு நம் ஊரில் இல்லை. நாம் பிறந்து வளர்ந்த நிலத்துக்கு மட்டும் ஆல்பம் இல்லை.

படம் எடுத்தால் நிலம் பிழைத்துவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. படம் மட்டும் எதையும் காப்பாற்றாது. ஆனால் போராட வரும் மக்களுக்குக் கையில் பிடிக்க ஆதாரம் வேண்டும். மதுரை அரிட்டாபட்டியை எண்ணிப் பாருங்கள். 2022 நவம்பரில் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 250 பறவை இனங்கள், அவற்றில் லகர் வல்லூறு உள்ளிட்ட அரிய வேட்டைப் பறவைகள் அங்கே உண்டு என்பது அந்த அறிவிப்புக்குத் துணைநின்றது. ஊர்க்காரர்களும் ஆர்வலர்களும் ஆண்டுக்கணக்கில் பார்த்து, குறித்து, படம் பிடிக்காமல் அப்படி ஒரு பட்டியல் உருவாகாது. 2024-இல் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றபோது மக்கள் திரண்டார்கள்; 2025 ஜனவரியில் ஏல அறிவிப்பை மத்திய அரசு ரத்து செய்தது. வென்றது மக்களின் போராட்டம். அந்தப் போராட்டம் காலூன்றி நிற்பதற்குப் பழைய கல்வெட்டும் சமணர் படுகையும் பறவைப் பட்டியலும் தரையாக இருந்தன.

இன்னொரு தடை: எங்கள் குளத்தில் கொக்கும் நீர்க்காகமும்தானே இருக்கின்றன, புலியா இருக்கிறது என்கிறார்கள். இதற்கு விடை சொல்லத் திருநெல்வேலியிலேயே பிறந்த ஒருவர் இருக்கிறார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1912-இல் பிறந்தவர். 1950 முதல் 1996-இல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். கறுப்பு வெள்ளைப் படங்களாலேயே இந்தியக் காட்டுயிர்களின் உருவத்தை நிலைநிறுத்தினார். யானையை எழுதிய அதே அக்கறையோடு காக்கையையும் கீரியையும் எழுதினார். பொருள் பெரிதா சிறிதா என்பதை அவர் பார்க்கவில்லை. எவ்வளவு கவனமாகப் பார்த்தோம் என்பதையே பார்த்தார். விலை உயர்ந்த லென்ஸ் இல்லை என்ற கவலையும் இங்கே தேவையில்லை. ஒரு குளம் எந்த மாதம் நிரம்பியது, எந்த மாதம் வற்றியது, கரையில் நின்ற மருதமரம் இந்த ஆண்டும் நிற்கிறதா என்று காட்டக் கைபேசி போதும். எடுத்த தேதியும் நேரமும் படக்கோப்பிலேயே பதிவாகிவிடுகின்றன.

மிக வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது: படம் எடுக்கப் போகிறவர்களே உயிர்களுக்குத் தொல்லை ஆகிறார்கள் என்பது. இதை நான் மறுக்க மாட்டேன். கூட்டை மறைக்கும் கிளையை ஒடித்துக் குஞ்சைப் படம் எடுப்பவர் இருக்கிறார். பூவுக்காக விவசாயியின் வரப்பை மிதித்து நாசம் செய்பவரும் இருக்கிறார். 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், பறவையின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதை வேட்டை என்றே வகைப்படுத்துகிறது. சரணாலயத்துக்குள் படம் எடுக்க அனுமதி கேட்கிறது. ஆகவே விதி எளிது. கூட்டுக்கு அருகே போகாதீர்கள். அடைந்திருக்கும் பூனைப்பருந்தை எழுப்பாதீர்கள். தோட்டத்தில் கால் வைக்குமுன் உரியவரைக் கேளுங்கள். நட்சத்திர ஆமையையோ தேவாங்கையோ கண்டால் இடத்தை ஊருக்குச் சொல்லாதீர்கள். பிடித்து விற்பவன் அதைத்தான் தேடுகிறான். நான் கேட்கும் பழக்கமே இந்தக் குற்றத்தைக் குறைக்கும். ஒரே இடத்துக்கு ஆண்டு முழுவதும் போகிறவருக்கு அவசரம் இல்லை. அடுத்த மாதமும் வரப்போகிறவர் இன்றைக்கே எல்லாவற்றையும் கறந்துவிட நினைக்க மாட்டார்.

இந்தத் தரிசு நிலத்தில் காற்றாலை வேண்டாமா, சூரியசக்தி வேண்டாமா என்றும் கேட்பீர்கள். வேண்டும். நிலக்கரியைக் குறைக்க அவை வேண்டும். எங்கே அமைப்பது என்று முடிவு செய்யும்போது, பருந்து அடையும் புல்வெளி எது, மழைநீர் ஓடும் ஓடை எது, உண்மையிலேயே பயனற்ற இடம் எது என்று பிரித்துக் காட்ட உள்ளூரில் ஒரு பதிவு இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில், ஏட்டில் தரிசு என்று எழுதிய கைதான் முடிவு செய்யும்.

ஆகவே இளைஞர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆளுக்கு ஒரு குளத்தையோ ஓடையையோ ஒரு துண்டு மேய்ச்சல் நிலத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் வாரத்தில் அதே இடத்தில், அதே திசை பார்த்து நின்று ஒரு படம் எடுங்கள். கண்ட உயிர்களைத் தனியாக எடுங்கள். ஊர்ப் பெயர், தேதி, உயிரின் பெயர் மூன்றையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் ஆடு மேய்ப்பவரிடம் கேளுங்கள், அவர் சொல்வார். தை மாதத்தில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது; அதில் நம் குளங்களின் கணக்கையும் சேர்த்துவிடுங்கள். ஆண்டு முடிவில் அந்தப் பன்னிரண்டு படங்களை அச்சிட்டு நம் ஊர் நூலகத்திலும் உங்கள் பள்ளியிலும் ஒரு தொகுப்பாக வையுங்கள். ஆசிரியப் பெருமக்கள் அதற்கு ஒரு அலமாரி கொடுங்கள். வருகிற சித்திரையிலேயே தொடங்குங்கள்.