சின்னப் பிள்ளைகளோடு யாழ்ப்பாணப் பயணம்

(பழைய மாணவிகள் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இப்படியான மேடைகளில் கல்லூரியின் பெருமையைப் பேசுவதே வழமை. அதை எங்களிலும் நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எங்கள் வகுப்பினருக்குத் தந்த இந்த நேரத்தில் நாங்கள் ஒரு வீட்டு விடயத்தைப் பேச எடுத்துக்கொண்டோம். ஓகஸ்ட் விடுமுறை நெருங்குகிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல வீடுகளில் வான் பேசத் தொடங்கிவிட்டார்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் எமது சகோதரிகள் பிள்ளைகளோடு வந்து இறங்குகிறார்கள். நல்லூரில் கொடியேறினால் 25 நாள் திருவிழா. மடுவில் ஓகஸ்ட் 15ஆம் திகதி ஆவணித் திருவிழா. எங்கே போவதானாலும் சின்னப் பிள்ளைகளோடு வடக்கு நோக்கி நீண்ட வீதியில் போகவேண்டும். அந்தப் பயணத்தை எப்படிப் போவது, வழியில் பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது என்பவைதான் எங்கள் பேச்சு.

முதலில் ஒரு வேண்டுகோள். இயன்றவரை பகலில் போங்கள்.

இப்போதைய வழக்கம் எல்லோருக்கும் தெரியும். இரவு எட்டு, ஒன்பது மணிக்குக் காலி வீதியில் பஸ்ஸோ வானோ ஏறுகிறோம். பிள்ளைகள் நீர்கொழும்பு தாண்டுமுன் தூங்கிவிடுகிறார்கள். விழிக்கும்போது யாழ்ப்பாணம். "நல்லது, அழாமல் வந்தார்கள்" என்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு வெள்ளவத்தைக்கும் நல்லூருக்கும் நடுவில் எதுவுமே இல்லை. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் நாடு அதன் நித்திரைக்குள் போய்விட்டது. அதைவிடப் பெரிய காரணம் பாதுகாப்பு. பகல் முழுவதும் ஒரு வாடகை ஓடிவிட்டு, இரவு எம்மை ஏற்றிக்கொண்டு விடியும்வரை வாகனம் ஓட்டும் சாரதியும் மனிதர்தான். புத்தளம் வீதியிலும் வன்னியிலும் இரவில் மாடுகள் வீதியில் படுத்திருக்கும். சில இடங்களில் யானை கடக்கும்.

ஒரே நாளில் முடியாவிட்டால் இரண்டு நாளாக்குங்கள். அநுராதபுரம் ஏறத்தாழப் பாதி வழி. அங்கே இரவு தங்கி, காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் வவுனியாவில் காலை உணவு, மத்தியானச் சாப்பாட்டுக்கு யாழ்ப்பாணம். வெயில் உச்சிக்கு ஏறுமுன் வன்னியைத் தாண்டிவிடலாம். ஓகஸ்டில் அந்தப் பக்கம் குளங்கள் வற்றி, சோளகக் காற்றில் புழுதி பறக்கும் காலம் என்பதை மறக்கவேண்டாம்.

இனிப் பொதி கட்டும் விடயம். எங்கள் தோழிகளில் மருத்துவர்களும் தாதியரும் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னவற்றைச் சேர்த்துச் சொல்கிறோம்.

வெளிநாட்டில் ஆசனப்பட்டி இல்லாமல் ஒரு தெருக்கூடத் தாண்டாத பிள்ளை, கட்டுநாயக்காவில் இறங்கியதும் முன் ஆசனத்தில் அம்மம்மாவின் மடிக்குப் போய்விடுகிறது. பாசம் பிடித்துவைக்கும் என்று நினைக்கிறோம். வாகனம் திடீரென்று நிற்கும்போது எந்தக் கையாலும் பிள்ளையைப் பிடித்துவைக்க முடியாது. குழந்தைகளுக்கான இருக்கையைச் சரியாகப் பூட்டினால் கைக்குழந்தைகள் விபத்தில் இறக்கும் ஆபத்து அரைவாசிக்கும் மேலாகக் குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கனடாவிலிருந்து வருபவர்கள் அந்த இருக்கையை விமானத்தில் கொண்டுவாருங்கள். திரும்பும்போது இங்குள்ள ஒரு சகோதரிக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள். பின் ஆசனத்தில் பட்டி இருக்கிறதா என்பதை வான் பேசும்போதே கேளுங்கள். ஏசி இருக்கிறதா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

பூட்டிய வாகனத்துக்குள் தூங்கும் பிள்ளையை ஐந்து நிமிடமும் விட்டுப்போகக் கூடாது. வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் பத்து நிமிடத்தில் வெப்பம் பத்துப் பாகை வரை ஏறக்கூடும். யன்னலைக் கொஞ்சம் திறந்துவைப்பது போதாது.

புறப்படுமுன் வயிறு முட்டப் பால் கொடுக்கவேண்டாம். இரண்டு இடியப்பம், கொஞ்சம் சொதி போதும். வழிக்கு வாழைப்பழம், பிஸ்கட், கொதித்தாறிய நீர், இரண்டு மூன்று ஜீவனிப் பைக்கற். சத்தி எடுக்கும் பிள்ளைக்குப் புத்தகமோ தொலைபேசியோ கொடுக்காமல் தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பிள்ளைகளை இறக்கி ஓடவிடுங்கள். மலசலகூடத்துக்கு எரிபொருள் நிலையம் வரும்வரை பொறுக்க முடியாத வயது என்றால் ஒரு சிறு வாளி கொண்டுபோவதில் வெட்கம் இல்லை.

முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்காமல் போவோர் இல்லை. வாங்குங்கள். ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் கையில் முழுக் கச்சானைக் கொடுக்கவேண்டாம். அது மூச்சுக்குழாயில் சிக்கும். ஓடும் வாகனத்தில், மருத்துவமனை தூரத்தில் இருக்கும்போது, அது சின்ன விடயம் அல்ல.

இவ்வளவும் உடம்புக்கு. இனி மற்றதற்கு வருகிறோம்.

சகோதரிகளே, இந்த வீதியில் பிள்ளைகளோடு போவது எமக்கு எப்போதும் கிடைத்த ஒன்றல்ல. எமது மூத்தோர் 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியில் விடுமுறைக்குப் போனவர்கள். 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு இதே வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பிள்ளைகள் அகதி முகாம்களுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள். அதையும் ஒரு குடும்பப் பயணம் என்றுதான் சொல்லவேண்டும். 1990இல் ரயில் நின்றது. வீதியும் மூடியது. பிறகு சில ஆண்டுகள் கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்தோம். பின்னர் கப்பலும் விமானமும், அதற்கான அனுமதிக் கடிதங்களும்.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி, வரிசையில் நின்று, பொதிகளை அவிழ்த்துக் காட்டி, மீண்டும் ஏறிப் போனோம். வீதியின் இரு பக்கமும் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். சிறுநீர் கழிக்க அழும் பிள்ளையைப் பற்றைப் பக்கம் இறக்க முடியாது. தார் வீதியின் ஓரத்திலேயே, சேலையை விரித்து மறைத்துப் பிடித்தோம். 2006 ஓகஸ்டில், நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்தபோது, வீதி மறுபடி மூடியது. விடுமுறைக்குப் போன குடும்பங்கள் அங்கேயே அகப்பட்டன. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களைச் செஞ்சிலுவைக் கொடி பறந்த கப்பல் ஏற்றிச் சென்றது. மற்றவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். போர் முடிந்து, 2010 அளவில்தான் வீதி பொதுமக்களுக்கு முழுமையாகத் திறந்தது. யாழ்ப்பாணத்துக்கு ரயில் 2014 ஒக்ரோபரில் திரும்பியது.

அதனால்தான் பகலில் போங்கள் என்கிறோம். பார்க்க முடியாதிருந்த வீதியை இன்று பிள்ளைகள் பார்க்கலாம்.

பார்த்தால் கேட்பார்கள். பளை தாண்டும்போது, "ஏன் அந்தப் பனைக்குத் தலை இல்லை?" என்று கேட்டது எங்களில் ஒருவரின் ஆறு வயதுப் பேத்தி. ஆனையிறவில் வெளியும் உப்பளமும் நினைவுச்சின்னங்களும் தெரியும்போது, "இங்கே என்ன நடந்தது?" என்று கேட்பார்கள். இரண்டு வகையாக நாம் தப்பிக்கிறோம். ஒன்று, "அது ஒன்றுமில்லை, இந்தா கன்டோஸ்" என்பது. மற்றது, பிள்ளையின் வயதை மறந்து, எமது நெஞ்சில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவது. இரண்டும் வேண்டாம். "இங்கே சண்டை நடந்தது. செல் விழுந்து மரம் தலை இழந்தது. நிறையப் பேர் செத்துப்போனார்கள். இப்போது சண்டை இல்லை, நாங்கள் போகலாம்." ஆறு வயதுக்கு இது போதும். அது உண்மையும்கூட. பத்து வயதில் இன்னும் கேட்கும். அப்போது இன்னும் சொல்லுங்கள்.

அப்படிச் சொல்லும்போது ஆனையிறவில் தொடங்கவேண்டாம். எமது வீதி புத்தளத்தினூடாகப் போகிறது. 1990 ஒக்ரோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் 70,000க்கும் மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர்களில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இன்று தாய்மார். எமது கல்லூரியில் எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களிலும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். எமது துயரத்தை மட்டும் ஆனையிறவில் சொல்லிவிட்டு, புத்தளத்தைத் தூங்கிக்கொண்டே கடந்தால், பிள்ளைக்குப் பாதி வீதியைத்தான் காட்டியிருக்கிறோம். புத்தளத்தில் தேநீருக்கு நிறுத்துங்கள். "இங்கே இருக்கிற கனபேருக்கும் யாழ்ப்பாணம்தான் ஊர்" என்று சொல்லுங்கள். பிள்ளைக்கு விளங்கும். ஊர் விட்டுப் போனவர்களின் கதை அதற்கு வீட்டிலேயே தெரியும்.

துயரம் மட்டும் சொல்லவும் வேண்டாம். முதல் பனையைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு பரிசு வையுங்கள். ஊர்ப் பெயர்களை வாசிக்கவிடுங்கள். புளியங்குளம், மாங்குளம், பரந்தன், இயக்கச்சி என்று பலகையில் எழுத்துக்கூட்டி வாசிக்கும் வெளிநாட்டுப் பிள்ளை அந்த இரண்டு மணித்தியாலத்தில் படிக்கும் தமிழ் கொஞ்சமல்ல. பனம்பழம் விழும் காலம் இது. போய்ச் சேர்ந்ததும் பனங்காய்ப் பணியாரம் என்றால் கடைசி முப்பது கிலோமீற்றரும் அழுகை இல்லாமல் போகும்.

ஒரு எச்சரிக்கையோடு முடிக்கிறோம். முகமாலைப் பக்கத்தில் கண்ணிவெடி அகற்றும் வேலை போருக்குப் பின்னும் பல ஆண்டுகள் நீண்டது. வீதியை விட்டுப் பற்றைக்குள் பிள்ளைகளை இறக்கவேண்டாம். எச்சரிக்கைப் பலகை இருந்தால் மதியுங்கள். கீழே கிடக்கும் இரும்பைத் தொடக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வெளிநாட்டில் இருந்து இந்த மலரை வாசிக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. வருவதாக இருந்தால் எழுதுங்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் எமது பழைய மாணவிகள் இருக்கிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கூட்டிப்போக ஒரு கை, கழுவிப் படுக்க ஓர் அறை, நம்பிக்கையான ஒரு சாரதியின் பெயர். சங்கம் இதையாவது செய்து தரலாம் என்று தலைவி அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

எல்லோரும் சுகமாகப் போய், சுகமாகத் திரும்பி வாருங்கள்.